மட்டக்களப்பிலிருந்து ரொறன்ரோ: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

செங்கலடி வாசகி, 2025 மே 3

அம்மாவுக்குக் கனடா விசா வந்துவிட்டது. ஓகஸ்டில் அக்காவிடம் போகிறார். டிக்கெட் போட்டாயிற்று: கட்டுநாயக்க, டுபாய், ரொறன்ரோ. இரவு 8.00 மணிக்கு ஏறினால் மறுநாள் காலை 9.30க்கு இறங்கலாமாம். அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "பதின்மூன்றரை மணித்தியாலம்தானே, கொழும்பு ரயிலைவிட ஒள்ளுப்பம் கூட" என்கிறார். டிக்கெட்டில் 23 மணித்தியாலம் என்று கிடக்கிறது. இணையத்தில் தூரத்தைப் பார்த்தேன், 14,000 கிலோமீற்றர். விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் போகும் என்றால் பதினைந்தரை மணித்தியாலத்தில் சேர வேண்டும். மூன்று கணக்கும் மூன்று விதம்.

எனக்கென்றால் சந்தேகம் முகவர் மேல்தான். கமிஷனுக்காக டுபாயால் சுற்றிவிட்டார். நேரே போகும் விமானம் இல்லையா?


கல்லடி வான்காரன், மே 3, இரவு

முகவரை விடுங்கள். கொழும்பிலிருந்து கனடாவுக்கு நேரே பறக்கும் விமானம் ஒன்றுகூட இல்லை. டுபாய், தோஹா, அபுதாபி, லண்டன், டெல்லி என்று எங்கேயாவது இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும்.

அம்மாவின் கணக்கில் ஒரு பிழைதான். ஏறும் நேரம் நம்முடைய கடிகாரம், இறங்கும் நேரம் அவர்களுடைய கடிகாரம். ஓகஸ்டில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. பதின்மூன்றரையும் ஒன்பதரையும் 23. டிக்கெட் சரி.

ஆனாலும் டுபாய் சுற்றுத்தான், அதை மறுக்கவில்லை. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றராவது கூடும்.


கல்லடி வான்காரன், மே 4

நான் ஹயர் ஓடுகிறவன். 2009 கடைசியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறேன். எத்தனை தரம் என்று எண்ணி வைக்கவில்லை. ஆனால் நானே விமானம் ஏறியது ஒரே ஒரு தரம், 2023 யூலையில், ரொறன்ரோவில் மருமகளின் கல்யாணத்துக்கு. வான்காரனுக்கு மைலேஜ் எழுதுகிற பழக்கம் விடாது. அந்தப் பயணத்தையும் கொப்பியில் குறித்தேன். உங்கள் அம்மாவின் டிக்கெட்டில் உள்ள அதே நேரங்கள்தான், எனவே அப்படியே தருகிறேன்.

காலை 7.00க்குக் கல்லடியில் வீட்டுப்படி இறங்கினேன். (வான் என்னுடையது, ஓட்டியது மச்சான். அவனுக்குப் பக்கத்தில் இருந்து நான் பிரேக் அடித்துக்கொண்டே போனேன்.) ஹபரணையில் சாப்பாடு. பிற்பகல் 2.30க்குக் கட்டுநாயக்க. மச்சான் இருட்ட முன்னம் திரும்ப வேண்டும் என்று இறக்கிவிட்டுப் போய்விட்டான், ஐந்தரை மணித்தியாலம் அங்கே காத்திருப்பு. இரவு 8.00க்குக் கிளம்பி டுபாயில் இறங்க நாலு மணித்தியாலம் 25 நிமிடம். அங்கே நாலு மணித்தியாலம் 35 நிமிடம் கதிரையில். பிறகு பதினான்கு மணித்தியாலம் ஒரே பறப்பு. ரொறன்ரோவில் இறங்கிக் குடிவரவு, பெட்டி, தங்கச்சியின் கார், நெடுஞ்சாலை நெரிசல் எல்லாம் இரண்டரை மணித்தியாலம். ஸ்காபரோவில் வீட்டுக் கதவு திறந்தபோது அங்கே மத்தியானம் 12.00. கல்லடியில் இரவு 9.30.

மொத்தம் முப்பத்தெட்டரை மணித்தியாலம். அதில் விமானத்துக்குள் இருந்தது பதினெட்டு மணித்தியாலம் 25 நிமிடம், பாதிக்கும் குறைவு.

ஆக, தங்கச்சி, உங்கள் மூன்று கணக்கோடு நாலாவதாக இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அம்மா செங்கலடியில் செருப்புப் போடுகிற நேரத்திலிருந்து அக்கா வீட்டில் கழற்றுகிற நேரம் வரை.


கல்லடி வான்காரன், மே 6

மே 3 அன்று டுபாய் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் சுற்று என்று எழுதினேனே, அதை வெட்டிவிடுங்கள். பிழை. நல்ல பிழை.

நேற்று மகளின் பூகோள உருண்டையை எடுத்துத் தையல் நூலால் அளந்தேன். உருண்டையின் விட்டம் 30 சென்ரிமீற்றர், எனவே ஒரு சென்ரிமீற்றர் ஏறத்தாழ 425 கிலோமீற்றர். கொழும்பில் ஒரு குண்டூசி, ரொறன்ரோவில் ஒன்று, நூலை இழுத்துப் பிடித்தால் 33 சென்ரிமீற்றர். டுபாயில் ஒரு ஊசி குத்தி அதைச் சுற்றி இழுத்தேன். ஒரு சென்ரிமீற்றர்கூடக் கூடவில்லை! நூல் தளர்ந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் செய்தேன். அதே அளவு.

மறுகா மகள் கணினியில் சரியாகப் போட்டுத் தந்தாள். கொழும்பு முதல் டுபாய் 3,290 கிலோமீற்றர். டுபாய் முதல் ரொறன்ரோ 11,080. கூட்டினால் 14,370. நேர்வழி 14,000க்கு ஐந்து கிலோமீற்றர் குறைவு. சுற்று என்று நாம் சண்டை பிடிப்பது வெறும் 375 கிலோமீற்றருக்கு, விமானத்துக்கு அது 25 நிமிடம்.

லண்டனால் போனால் எவ்வளவு கூடும் என்று ஒருவர் கேட்டிருந்தார். 8,700உம் 5,700உம் 14,400. டுபாய் வழிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போய் வருகிற தூரம்கூட இல்லை.

இது எப்படி என்று இரவு முழுக்க யோசித்தேன். தேங்காயின் கண்ணிலிருந்து நேர் எதிரே உள்ள அடிக்கு ஒரு நூல் விடுங்கள். எந்தப் பக்கத்தால் விட்டாலும் நீளம் ஒன்றுதான். பூமியிலும் அப்படித்தான். நேர் எதிர்ப்புறத்து ஊருக்கு, 20,000 கிலோமீற்றருக்கு, எல்லா வழியும் ஒரே தூரம். ரொறன்ரோ நமக்கு நேர் எதிரே இல்லை, ஆனாலும் அந்தப் பக்கமாக வெகுதூரம் போய்விட்டது. அதனால் வழி ஒள்ளுப்பம் விலகினால் பெரிய நட்டம் வராது. பக்கத்து ஊருக்குப் போகும்போதுதான் சுற்றுவழி கொல்லும்.


கல்லடி வான்காரன், மே 6, கொஞ்சம் பிந்தி

நேர்வழி நூல் எங்கே போகிறது என்று எழுத மறந்துவிட்டேன். சுவரில் தொங்கும் தட்டைப் படத்தில் கொழும்பையும் ரொறன்ரோவையும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறினால் அரபு நாடுகள், வட ஆபிரிக்கா, அத்திலாந்திக் என்று மேற்கே போகும். உருண்டையில் நூல் வடக்கே ஏறுகிறது. மும்பைக்குக் கிழக்கே மகாராட்டிரத்தின் உட்பகுதி, ஆப்கானிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா, பின்லாந்துக்குப் பக்கம், அப்புறம் வடதுருவ வட்டத்தையும் தாண்டி 72 பாகை வரை போய், கிரீன்லாந்தின் பனி மேலால் கியூபெக்குக்கு இறங்குகிறது. தட்டைப் படம் 1569இல் மேர்கேற்றர் கப்பல்காரருக்காகக் கீறிய மாதிரி. திசை பிடிக்க நல்லது, தூரம் பார்க்க உதவாது. அதில் கிரீன்லாந்து ஆபிரிக்காவோடு போட்டி போடும். உண்மையில் ஆபிரிக்கா அதைப்போல் பதினான்கு மடங்கு.

மகள் சொல்கிறாள், இந்தக் கோட்டுக்குப் பெயர் பெருவட்டமாம். பத்தாம் வகுப்பில் வருமாம். எனக்கு 2023இல் இருக்கைக்கு முன்னால் இருந்த திரையில் வந்தது. விமானம் ஐஸ்லாந்துக்குக் கீழால் போவதைப் பார்த்துவிட்டு, வழி தவறிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.


செங்கலடி வாசகி, மே 7

அப்போ முகவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, அண்ணா? இன்னும் ஒன்று விளங்கவில்லை. 14,370ஐ 900ஆல் வகுத்தால் பதினாறு மணித்தியாலம். உங்கள் கொப்பியில் பதினெட்டரை. மிச்ச இரண்டரை எங்கே போனது?


கல்லடி வான்காரன், மே 7

மன்னிப்பு வேண்டாம், அவர் கமிஷன் எடுத்திருப்பார்தான். வழியைச் சுற்றவில்லை, அவ்வளவுதான்.

இரண்டரை மணித்தியாலத்துக்கு வருவோம். 900 என்பது மேலே ஏறி நிலைகொண்ட பிறகு உள்ள வேகம். டிக்கெட்டில் இருப்பது கதவு மூடி வாசலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த வாசலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது, இறங்க இடமில்லாமல் வானத்தில் வட்டமடிப்பது எல்லாம் அதற்குள். கொழும்பு–டுபாய் மாதிரிச் சின்னப் பறப்பில் இது கூடத் தெரியும். 3,290ஐ நாலு மணித்தியாலம் 25 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 745தான் வருகிறது. என் வான் ஹைவேயில் 100 போகும் என்பதற்காக மட்டக்களப்பு–கட்டுநாயக்க மூன்று மணித்தியாலம் என்று எவராவது சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா?

அடுத்தது காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஆறு மாதிரிக் காற்று ஓடுகிறது. கனடாவுக்குப் போகும்போது முகத்தில், வரும்போது முதுகில். எனக்குப் போக பதினான்கு, திரும்பி டுபாய் வரப் பன்னிரண்டரை. ஒரே தூரம், ஒன்றரை மணித்தியால வித்தியாசம். வாவியில் தோணி வலிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

இன்னும் ஒன்று. டுபாய்–ரொறன்ரோ நூலை இழுத்தால் கீவ் நகரத்துக்கு மேலாலேயே போகிறது. உக்ரைன் வான்பரப்பு 2022 பெப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்குப் பூட்டு. எனவே 11,080 என்பது நூலின் தூரம். விமானம் அதை விட்டு விலகித்தான் போக வேண்டும். என் 375 கணக்கிலும் ஓட்டை விழுகிறது, தெரிகிறது. ஆனால் நேர்வழி விமானம் ஒன்று இருந்திருந்தாலும் அதுவும் ஆப்கானிஸ்தான், ரஷ்யா என்று இதே மாதிரி வில்லங்கமான வானங்களுக்குள்ளால்தான் போயிருக்கும்.


கல்லடி வான்காரன், மே 9

"நேர்வழி விமானம் ஏன் விடுகிறார்கள் இல்லை" என்று இரண்டு பேர். தூரம் காரணம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றருக்கு மேல், ஒரே மூச்சில் பறக்கிறார்கள், ஏறத்தாழ பத்தொன்பது மணித்தியாலம். ஆனால் நம் நாட்டு நிறுவனத்திடம் உள்ள பெரிய விமானம் ஏ330. அது பயணிகளை நிரப்பிக்கொண்டு 14,000 போகாது. அதற்கென்று வேறு விமானம் வாங்கி நாள்தோறும் நிரப்ப ஆள் வேண்டும். நம் ஆட்கள் சித்திரைக்கும் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள், ஐப்பசியில் யார் வருவது?

மூன்றாமவர் ஒருவர், "நமக்குத்தான் மட்டக்களப்பு சர்வதேச விமான நிலையம் இருக்கிறதே" என்று சிரிக்கிறார். சிரிக்காதீர்கள், பெயர் உண்மை. 2018 மார்ச்சில் சர்வதேசம் என்று அறிவித்தார்கள். ஓடுபாதை 1,560 மீற்றர். கட்டுநாயக்கவில் 3,350. ரொறன்ரோவுக்குப் போகிற பாரத்தோடு ஒரு பெரிய விமானம் நம் விமான நிலையம் இருக்கிற திமிலைதீவில் ஓடத் தொடங்கினால் வாவிக்குள்தான் போய் நிற்கும். நம் வாவியின் பாடும் மீனை நேரிலேயே கேட்கலாம்.

ஆனால் சின்ன விமானத்துக்கு அது போதும். யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு 2019 நவம்பரில் சென்னையிலிருந்து ஏ.ரி.ஆர். 72 என்ற சின்ன விமானம் வரத் தொடங்கியது. இங்கிருந்து சென்னை 610 கிலோமீற்றர்தான். எனக்கு அதுகூட வேண்டாம். கட்டுநாயக்கவுக்கு நாளுக்கு ஒன்று, ஏழைக்குக் கட்டுப்படியாகும் காசில், 30 கிலோ பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஓடினால் போதும். என் தொழில் படுத்துவிடும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

ஏன் என்றால் நேற்று இன்னொரு கணக்குப் போட்டேன். திமிலைதீவு ஓடுபாதையிலிருந்து கட்டுநாயக்க ஓடுபாதைக்கு வானத்தால் 207 கிலோமீற்றர். அந்த 900 வேகத்தில் என்றால் கால் மணித்தியாலம். எனக்குத் தெருவால் ஏறத்தாழ 300 கிலோமீற்றர், சாப்பாடு, தேநீர் எல்லாம் சேர்த்து ஏழரை மணித்தியாலம். 207ஐ ஏழரையால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 28 கிலோமீற்றர் கூட வராது. டுபாய் வழியில் நூற்றுக்கு மூன்று கூடுகிறது என்று முகவரைச் சந்தேகித்தோம். என் வானில் நூற்றுக்கு நாற்பத்தைந்து கூடுகிறது, ஒருவரும் கேட்கவில்லை!


அக்கரைப்பற்று வாசகர், மே 11

காக்கா, நாங்கள் உங்கள் பக்கமே வருவதில்லை. சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, அப்படியே அம்பாந்தோட்டைக்கு இறங்கினால் அதிவேக வீதி. அங்கிருந்து கட்டுநாயக்க வாசல்வரை சிக்னல் லைட் ஒன்று கிடையாது. தூரம் கூட, முதுகு தப்பும்.


கல்லடி வான்காரன், மே 11

உண்மை. 2020இல் தெற்கு அதிவேக வீதியை அம்பாந்தோட்டைவரை நீட்டியபிறகு அம்பாறைக் கரையோரத்து ஆட்கள் பலர் அப்படித்தான் போகிறார்கள். சுற்றிப் போவது விரைவு என்பதற்கு இன்னொரு சாட்சி. கல்லடியிலிருந்து அது சரிவராது, பொத்துவில் வரை முதலில் தெற்கே போக வேண்டுமே. எங்களுக்குப் பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல்தான். மாரியில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் தெருவை மூடிவிடும், மற்ற நேரம் மின்னேரியாவில் யானை மூடும். யானைக்கு ஹோர்ன் அடிக்காதீர்கள், விளக்கை மினுக்காதீர்கள், நின்று காத்திருங்கள். நான் ஒருமுறை 40 நிமிடம் நின்றிருக்கிறேன், பின்னால் இருந்த பெரியவர் அந்த நேரத்தில் தேவாரம் முழுக்கப் பாடி முடித்தார்.


கல்லடி வான்காரன், மே 12

நேர வித்தியாசத்தில் அந்த அரை எங்கிருந்து ஒட்டுகிறது என்று கேட்டவருக்கு. இலங்கை கிரீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. ரொறன்ரோ முழு மணிக் கணக்கு, கோடையில் நாலு பின்னுக்கு, குளிர்காலத்தில் ஐந்து. அதனால் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை அல்லது பத்தரை. மார்ச்சில் இரண்டாவது ஞாயிறும் நவம்பரில் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்தக் கிழமை முழுக்க நம் அம்மாமார் பிழையான நேரத்தில் போன் எடுத்து ஏச்சு வாங்குவார்கள்.

ஆனால் அரை மணித்தியால விஷயத்தில் மட்டக்களப்பாருக்கு எவரும் பாடம் எடுக்க முடியாது. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்ரோபரில் அதில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். மிச்சப் பாதி 2006 சித்திரையில்தான் வந்தது. அந்தக் காலம் முழுக்கப் புலிகளின் ஆளுகையில் இருந்த, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களில் பழைய நேரம்தான்.

பெரியம்மா கொக்கட்டிச்சோலையில் இருந்தார். மண்முனைத்துறையில் பாதை ஏறிப் போவேன். (வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் இங்கே தெரு அல்ல, வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. 2014இல் பாலம் வந்தபிறகு அது இல்லை.) எழுவான்கரையில் எட்டு மணிக்கு ஏறினால் படுவான்கரையில் இறங்கும்போது ஏழே முக்கால். புறப்பட முன்னமே போய்ச் சேர்கிற வாகனத்தில் நான் அப்போதே போயிருக்கிறேன். எந்த நேரம் சொன்னாலும் பெரியம்மா கேட்பார், "பழசா புதிசா, மனே?" கோயில் பூசைக்குப் பழசு, அக்கரையில் பஸ் பிடிக்கப் புதிசு. கையில் கட்டியிருந்த மணிக்கூட்டை நான் மாற்றுவதே இல்லை, மனதுக்குள் அரையைக் கழிப்பேன்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தை வாசிக்கும்போது இன்றைக்கும் அந்தக் கேள்விதான் கேட்க வேண்டும். பழசா புதிசா? எந்த ஊர்க் கடிகாரம்?


கல்லடி வான்காரன், மே 20

மேலே உள்ளதோடு சேர்த்திருக்க வேண்டும். நேரத்தைவிடத் திகதி பொல்லாதது.

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் 14ஆம் திகதி ஹயர் சொன்னார்கள். ஐந்து பேர், ஒன்பது பெட்டி, ஒரு பலாப்பழம். 14ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு விமான நிலைய வாசலில் இறக்கினேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். டிக்கெட்டில் 14, 00.40 என்று இருந்திருக்கிறது. நள்ளிரவு பன்னிரண்டு நாற்பது. அதாவது 13ஆம் திகதி இரவே போய் நின்றிருக்க வேண்டும். விமானம் பதினேழு மணித்தியாலத்துக்கு முன்னமே போய்விட்டது. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து ஹயர் சொல்கிற எல்லாரிடமும் டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

பலாப்பழத்தைத் திரும்பும் வழியில் குருநாகலில் வெட்டிச் சாப்பிட்டோம். யாரும் பேசவில்லை.


கல்லடி வான்காரன், யூன் 24

நேற்றிரவு எழுத நேரமில்லை. தோஹாவால் போகிற மூன்று பேரை ஏற்றிக்கொண்டு தம்புள்ளை தாண்டும்போது கட்டார் வான்பரப்பைப் பூட்டிவிட்டது என்று செய்தி. இந்த மாதம் 13இலிருந்து ஈரான் பக்கம் வானமே குழம்பிக் கிடக்கிறது. திரும்புவதா போவதா? வானைத் தெருவோரம் நிறுத்திப் போன் மேல் போன். கிறுகி வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு விமானம் கிளம்பினால் என்ன செய்வது? போய் நின்றோம். சில மணித்தியாலத்தில் வானத்தைத் திறந்துவிட்டார்கள், ஆனால் குழம்பிய அட்டவணை உடனே நேராகுமா? இன்று மத்தியானம் பார்க்கும்போதும் அவர்கள் பெட்டியில் தலை வைத்துப் படுத்திருந்தார்கள்.

நூல், உருண்டை, 375 என்று நான் எழுதியதெல்லாம் வானம் திறந்திருக்கும் நாளுக்கு.


செங்கலடி வாசகி, யூலை 30

அண்ணா, அம்மா ஓகஸ்ட் 16. டிக்கெட்டின் படம் அனுப்பியிருக்கிறேன். 20.00, இரவு எட்டு, நம்முடைய கடிகாரம், புதிசு. பார்த்துவிட்டேன். வான் உங்களுடையதுதான்.


கல்லடி வான்காரன், யூலை 30

சரி. காலை 6.30க்கு வாசலில் நிற்பேன். தள்ளுநாற்காலிக்கு இப்போதே டிக்கெட்டில் எழுதச் சொல்லுங்கள். நடக்க முடிகிற அம்மாவானாலும் கேளுங்கள். டுபாயில் ஒரு வாசலிலிருந்து மற்ற வாசலுக்கு நடை என்பது சாதாரண நடை அல்ல. அந்த நாற்காலி தள்ளுகிற பிள்ளை வழியும் காட்டும், வரிசையும் தப்பும். மருந்து கைப்பைக்குள், பெட்டிக்குள் அல்ல.


செங்கலடி வாசகி, ஓகஸ்ட் 18

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். கணக்கு எழுதச் சொன்னீர்கள். செங்கலடியில் 16ஆம் திகதி காலை 6.40. கட்டுநாயக்க 1.50, இடையில் யானை ஒன்றும் இல்லை. விமானம் 25 நிமிடம் பிந்திக் கிளம்பியும் டுபாயில் சொன்ன நேரத்துக்கே இறங்கியதாம். அக்கா வீட்டில் 17ஆம் திகதி அங்கத்தைய நேரம் 12.20, நமக்கு இரவு 9.50. 39 மணித்தியாலம் 10 நிமிடம்.

அம்மா சொன்னது: "மூன்று தரம் காலைச் சாப்பாடு தந்தார்கள், ஒருக்காவும் விடியவில்லை." கொழும்பு ரயிலோடு ஒப்பிட்டதைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.


கல்லடி வான்காரன், ஓகஸ்ட் 18

நல்லது. பிந்திக் கிளம்பி நேரத்துக்கு இறங்கியது ஆச்சரியம் இல்லை, அட்டவணையிலேயே கொஞ்சம் தளர்வு வைத்துத்தான் எழுதுவார்கள். நானும் ஹயருக்கு ஒரு மணித்தியாலம் தளர்வு வைத்துத்தான் சொல்கிறேன். அதனால்தான் உங்கள் அம்மா என்னை நேரந்தவறாதவன் என்று புகழ்ந்தார்.

ஒரு திருத்தம். மே 9 அன்று எழுதிய 207 கிலோமீற்றர் ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்கு. கல்லடியில் என் வீட்டு வாசலிலிருந்து என்றால் இன்னும் மூன்று நாலு கூடும், கல்லடி ஓடுபாதைக்கு இன்னும் கிழக்கேதானே. மகள் இப்போதுதான் கண்டுபிடித்தாள்.